மைனஸ் 30ல எது மக்கர் பண்ணுது? அறிகுறி பாத்து சரி பண்ற வழி

கனடால வின்னிபெக், ரெஜைனா, சாஸ்கடூன், எட்மன்டன் பக்கம் இருக்கவங்களை மனசுல வச்சு எழுதுறேன், டொராண்டோக்காரங்களுக்கு பாதி உதவும், வான்கூவர்காரங்க படிச்சுட்டு சிரிச்சுக்கலாம். இந்த ப்ரேரி, அதாவது நடு கனடா சமவெளி ஊர்கள்ல ஜனவரில மைனஸ் 30ங்குறதெல்லாம் ஒரு செய்தியே கிடையாது, வேலைக்கு போகத்தான் வேணும், பிள்ளைங்களை ஸ்கூல்ல விடத்தான் வேணும். 2013 டிசம்பர் 31 அன்னிக்கு வின்னிபெக் செவ்வாய் கிரகத்தை விட குளிரா இருக்குன்னு மனிடோபா மியூசியத்துலயே சொன்னாங்க, அன்னிக்கு ராத்திரியும் ஜனங்க நியூ இயர் பார்ட்டிக்கு கிளம்பத்தான் செஞ்சாங்க.

கீழ அறிகுறி வாரியா இருக்கு, உங்களுக்கு என்ன ஆகுதோ நேரா அங்க போயிடுங்க. எல்லாத்துக்கும் பொதுவா ஒண்ணே ஒண்ணு: உறைஞ்சு போனது எதுவா இருந்தாலும் சரி, கார் கதவோ தண்ணி பைப்போ பேட்டரியோ உங்க காதோ, அவசரப்பட்டு சூடாக்காதீங்க. குளிர் கெடுத்ததை விட, குளிரை விரட்டுறேன்னு நாம கெடுத்துக்கிட்டது தான் இங்க ஜாஸ்தின்னு நான் நினைக்கிறேன்.

கார் ஸ்டார்ட் ஆகல, 'டிக் டிக்'னு மட்டும் சத்தம் வருது, இல்லன்னா இன்ஜின் இழுத்து இழுத்து சுத்துது

பேட்டரி தான், வேற எங்கயும் தேடாதீங்க. மைனஸ் 18லயே பேட்டரியோட பலம் பாதிக்கு மேல போயிடும், அதே நேரம் ஆயில் கெட்டியாகி இன்ஜினை சுத்த இன்னும் அதிக பலம் கேக்கும், ரெண்டும் ஒண்ணா வந்து மாட்டுது. மூணு நாலு வருஷம் ஆன பேட்டரி அக்டோபர் வரைக்கும் ஒழுங்கா ஓடிட்டு முதல் மைனஸ் 30 அன்னிக்கு காலைல கை விரிக்கும், அதனால செப்டம்பர்லயே ஒரு தடவை டெஸ்ட் பண்ணிக்கிறது நல்லது, நெறைய ஆட்டோ பார்ட்ஸ் கடைல ஃப்ரீயாவே பண்ணித் தருவாங்க.

இப்ப ஏற்கனவே மாட்டிக்கிட்டீங்கன்னா, முதல்ல ஹீட்டர் ஃபேன், சீட் ஹீட்டர், ரேடியோ, லைட் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. பத்து செகண்டுக்கு மேல கிராங்க் பண்ணாதீங்க, அதாவது சாவியை ஸ்டார்ட்லயே பிடிச்சுட்டு இருக்காதீங்க, ஒரு நிமிஷம் விட்டு திரும்ப பண்ணுங்க. ரெண்டு மூணு தடவைல வரலன்னா நிறுத்திடுங்க, மேல மேல பண்ணா மிச்சம் இருக்கதும் போயிடும்.

அடுத்து பூஸ்ட், அதாவது இன்னொரு காரோட பேட்டரிலேர்ந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் பண்றது. இந்த ஊர்ல பக்கத்து வீட்டுக்காரர் பேர் தெரியாம வருஷக்கணக்கா இருக்கலாம், ஆனா கேபிளை கைல பிடிச்சுட்டு நின்னா யாராவது ஒருத்தர் வண்டியை நிறுத்திடுவாங்க. கேபிள் மாட்டுறதுக்கு முன்னாடி பேட்டரியை ஒரு பார்வை பாருங்க. பக்கவாட்டுல உப்பியிருக்கா, விரிசல் விட்டிருக்கா? நல்லா சார்ஜ் இருக்க பேட்டரி மைனஸ் 50லயும் உறையாது, ஆனா சார்ஜ் காலியான பேட்டரி ஜீரோவுக்கு கொஞ்சம் கீழ போனாலே உறைஞ்சிடும், அப்படி உறைஞ்சதுக்கு பூஸ்ட் குடுத்தா வெடிக்கிற அபாயம் இருக்கு, நிஜமாவே வெடிக்கும். அதை கழட்டி சூடான கராஜ்ல வச்சு, தானா இளகினதுக்கு அப்புறம் சார்ஜர்ல போடணும். விரிசல் விட்டதுன்னா சார்ஜும் பண்ணாதீங்க, புதுசு வாங்குங்க.

பேட்டரி பாக்க நல்லா இருந்தா, சிவப்பு கேபிள் முதல்ல செத்த பேட்டரியோட ப்ளஸ்ல, அப்புறம் நல்ல பேட்டரியோட ப்ளஸ்ல, கருப்பு நல்ல பேட்டரியோட மைனஸ்ல, கடைசி முனையை மட்டும் செத்த பேட்டரில மாட்டாம அந்த இன்ஜின்ல பெயின்ட் இல்லாத ஒரு உலோகத்துல, பேட்டரிலேர்ந்து தள்ளி மாட்டுங்க, ஏன்னா கடைசியா மாட்டும்போது தீப்பொறி பறக்கும், பேட்டரிலேர்ந்து ஹைட்ரஜன் வரும், ரெண்டும் கிட்டக்க இருக்கக் கூடாது. நல்ல கார் ஒரு அஞ்சு நிமிஷம் ஓடட்டும், அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க. ஸ்டார்ட் ஆனதும் வாசல்ல ஐட்லிங்லயே விட்டா சார்ஜ் ஏறாது, ஒரு அரை மணி நேரமாவது ஓட்டிட்டு வாங்க.

ராத்திரி பூரா ப்ளக் பண்ணி வச்சும் ஸ்டார்ட் ஆகல

புதுசா வந்தவங்க இங்க பெட்ரோல் கார் முன்னாடி ஒரு வயர் தொங்குறதைப் பாத்து எலக்ட்ரிக் காரோன்னு குழம்புவாங்க, அது ப்ளாக் ஹீட்டர். இன்ஜினுக்குள்ள இருக்க கூலண்டை சூடு பண்ணும், பேட்டரியை சார்ஜ் பண்ணாது, இது தான் பல பேருக்கு தெரியாதது. பேட்டரிக்கு தனியா சூடு குடுக்குற ப்ளாங்கெட் இருக்கு, மெதுவா சார்ஜ் ஏத்துற ட்ரிக்கிள் சார்ஜர் இருக்கு.

ஹீட்டர் வேலை செய்யுதான்னு பாக்க, ப்ளக் பண்ணிட்டு பானட் கிட்ட காதை வைங்க, மெல்லிசா 'ஸ்ஸ்ஸ்'னு ஒரு சத்தம் கேக்கும். கேக்கலன்னா முதல்ல வயரை சந்தேகப்படுங்க, குளிர்ல ரப்பர் விறைச்சு மடக்குற எடத்துல உடைஞ்சிருக்கும், இல்ல போன வாரம் ப்ளக்கை உருவாம கிளம்பி இழுத்துட்டு போயிருப்பீங்க. எக்ஸ்டென்ஷன் கார்டு வெளில போடுற ரகமா, மூணு பின் உள்ளதா, தடிமனா இருக்கணும், வீட்டுக்குள்ள டேபிள் லேம்ப்புக்கு போடுற வெள்ளை வயரை போடாதீங்க, அது சூடாகி எரியும். அபார்ட்மென்ட் பார்க்கிங்ல ப்ளக்ல கரன்ட் விட்டு விட்டு வந்தா அது கோளாறு இல்ல, குளிரைப் பொறுத்து ஆன் ஆஃப் ஆகுற மாதிரியே சில எடத்துல வச்சிருப்பாங்க.

ராத்திரி பூரா போட வேண்டியதும் இல்ல, கிளம்புறதுக்கு மூணு நாலு மணி நேரம் முன்னாடி போதும், ஒரு டைமர் வாங்கி மாட்டிட்டா கரன்ட் பில்லும் மிச்சம். இன்னொண்ணு, போன்ல காட்டுற விண்ட் சில்லை பாத்து கார் விஷயத்துல முடிவு பண்ணாதீங்க. விண்ட் சில்ங்குறது காத்தும் சேந்து எவ்ளோ குளிரா தோணும்ங்குற, நம்ம தோலுக்கான கணக்கு. வெப்பம் மைனஸ் 20, விண்ட் சில் மைனஸ் 33ன்னா கார் மைனஸ் 20க்கு கீழ போகவே போகாது, என்ன, காத்து அடிச்சா சீக்கிரமா அங்க போய் சேரும், அவ்ளோ தான்.

கதவு ஒட்டிக்கிச்சு, தொறக்கல

கொதிக்கிற தண்ணியை ஊத்துறவங்களை வருஷா வருஷம் பாக்கலாம். கண்ணாடி விரிசல் விடும், ஊத்துன தண்ணி ரப்பர் இடுக்குல எறங்கி முன்ன இருந்ததை விட கெட்டியா உறையும். கைப்பிடியை பிடிச்சு முரட்டுத்தனமா இழுத்தாலும் கைப்பிடி தான் கைல வரும், குளிர்ல பிளாஸ்டிக் பொசுக்குனு உடையும்.

முதல்ல கதவை வெளிப்பக்கம் இழுக்காம உள்பக்கமா தோளால நல்லா அழுத்துங்க, ஓரத்துல இருக்க ஐஸ் நொறுங்கும். அப்படியும் வரலன்னா மத்த கதவுங்களை முயற்சி பண்ணுங்க, டிக்கியையும் சேத்து, எதாவது ஒண்ணு தொறந்தா உள்ள போய் ஸ்டார்ட் பண்ணிட்டா பத்து பதினஞ்சு நிமிஷத்துல மத்ததெல்லாம் தானா இளகும். சாவி ஓட்டை உறைஞ்சிருந்தா லாக் டீ-ஐசர்னு சின்ன பாட்டில் ரெண்டு மூணு டாலருக்கு கிடைக்கும், அதை காருக்குள்ள வச்சுட்டு கதவை பூட்டிட்டு போறவங்களை என்ன சொல்றது. ஜாக்கெட் பாக்கெட்ல வைங்க.

திரும்ப வராம இருக்க கதவு ரப்பரை துடைச்சு சிலிகான் ஸ்ப்ரே தடவுங்க. கார் வாஷ் போய்ட்டு வந்து அப்படியே வெளில நிறுத்துனா மறுநாள் இதே தலைப்பை திரும்ப படிக்க வேண்டி வரும்.

முன் கண்ணாடி உள்பக்கமே மங்குது, ஐஸ் கட்டுது

காத்து உள்ளயே சுத்துற ரீசர்குலேஷன் பட்டன் ஆன்ல இருக்கும், அதை ஆஃப் பண்ணுங்க. வெளிக் காத்து பயங்கர குளிரா இருந்தாலும் காஞ்ச காத்து, அது தான் வேணும். கூடவே ஏசியையும் போடுங்க, மைனஸ்ல ஏசியான்னு கேக்காதீங்க, அது ஈரத்தை எடுக்கும், ரொம்பக் குளிர்ல கம்ப்ரசர் ஓடாது, அப்ப வெளிக் காத்து மட்டுமே பாத்துக்கும். அப்படியும் தினமும் ஐஸ் கட்டுதுன்னா கீழ மேட்டை தூக்கிப் பாருங்க. ஷூல ஒட்டுன ஸ்னோ உருகி கார்பெட் ஊறிப் போயிருக்கும், அந்த தண்ணி தான் ராத்திரி கண்ணாடில போய் ஒட்டுது. ஏறும்போது ரெண்டு காலையும் வெளில தட்டிட்டு ஏறுங்க, மேட்ல தேங்குறதை வாரம் ஒரு தடவை கொட்டுங்க.

வாஷர் ஃப்ளூயிட் மைனஸ் 40 தாங்குறதான்னு பாட்டில்ல பாத்து வாங்குங்க. கோடைல ஊத்துன மிச்சம் டேங்க்ல இருந்தா அதோட கலந்து அதுவும் உறையும்.

கிளம்புன உடனே டயர் தட தடன்னு அடிக்குது, டேஷ்போர்டுல டயர் லைட் எரியுது

தட தட சத்தம் டயர் சதுரமாயிடுச்சுன்னு இங்க சொல்லுவாங்க, ராத்திரி பூரா நின்ன எடத்துல ரப்பர் தட்டையா விறைச்சிடும், ஒரு சில கிலோமீட்டர் மெதுவா ஓட்டுனா உருண்டையாயிடும், மெக்கானிக் வேண்டாம். லைட் எரியுறது காத்து கம்மியானதால, 5, 6 டிகிரி குறைஞ்சா சுமாரா 1 பிஎஸ்ஐ குறையும், கராஜ்ல ப்ளஸ் 5ல சரியா இருந்தது வெளில மைனஸ் 30ல ஆறு பிஎஸ்ஐ கம்மியா காட்டும். குளிர்லயே வச்சு காத்து அடிச்சு கதவுல ஒட்டியிருக்க அளவுக்கு கொண்டு வாங்க.

ஆல் சீசன் டயரை வச்சே ஓட்டிடலாம்னு நினைக்கிறவங்களுக்கு: 7 டிகிரிக்கு கீழ போனாலே அந்த ரப்பர் இறுக ஆரம்பிச்சிடும். மலையும் பனிப்பூவும் போட்ட சின்னம் டயர் பக்கவாட்டுல இருக்கான்னு பாருங்க. க்யூபெக்ல டிசம்பர் 1லேர்ந்து மார்ச் 15 வரைக்கும் விண்டர் டயர் சட்டப்படி கட்டாயம். மனிடோபால கட்டாயம் இல்ல, ஆனா முதல் பனில சிக்னல்ல பிரேக் பிடிச்சு கார் நேரா சறுக்கிட்டு போறப்ப சட்டமெல்லாம் ஞாபகத்துக்கு வராது.

ஸ்னோல சக்கரம் சும்மா சுத்துது

ஆக்சிலரேட்டரை மிதிக்காதீங்க, சுத்த சுத்த சக்கரத்துக்கு கீழ உருகி ஐஸ் ஆகி குழி ஆழமாகும். எறங்கி முதல்ல புகை வர்ற பைப்பை சுத்தி ஸ்னோவை எடுங்க, இது ரொம்ப முக்கியம், பைப் அடைச்சிருந்தா கார்பன் மோனாக்சைடு காருக்குள்ள ஏறும், உள்ள குழந்தை உக்காந்திருந்தா யோசிச்சுப் பாருங்க. அப்புறம் டயருக்கு முன்னாடி பின்னாடி தோண்டி மணலோ, வீட்டுப் பூனை கக்கூஸ் போக டப்பால போடுற மணலோ போடுங்க, ஒண்ணுமே இல்லன்னா கீழ போடுற மேட்டையே கவுத்துப் போடுங்க. சக்கரம் சும்மா சுத்தாம தடுக்குற ட்ராக்ஷன் கன்ட்ரோலை ஆஃப் பண்ணிட்டு டிரைவ், ரிவர்ஸ்னு மாத்தி மாத்தி மெதுவா முன்னும் பின்னும் ஆட்டுங்க.

ஊருக்கு வெளில ஹைவேல மாட்டுனா காரை விட்டு நடந்து போகாதீங்க. பனிப்புயல்ல பத்தடி தள்ளி இருக்க கார் கூட கண்ணுக்கு தெரியாம போகும். காருக்குள்ளயே இருந்து அவசர உதவிக்கு 911 கூப்பிடுங்க, மணிக்கு பத்து நிமிஷம் மாதிரி இன்ஜினை போட்டு ஒரு ஜன்னலை துளி தொறந்து வைங்க. இதுக்குத்தான் டிக்கில ஒரு போர்வை, மெழுகுவத்தி, தீப்பெட்டி, ஷவல் வைக்க சொல்றது.

வீடு குளிருது, ஃபர்னஸ் (வீட்டை சூடாக்குற மெஷின்) ஓடல

டெக்னீஷியனுக்கு போன் போடுறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க, மைனஸ் 35 அன்னிக்கு அவரும் வர நேரமாகும், வந்து ஒரு சுவிட்சை தட்டிட்டு போனாலும் பில் பில்லு தான்.

தெர்மோஸ்டாட்ல பேட்டரி போயிருக்கலாம். ஃபர்னஸ் பக்கத்துல சுவத்துல சாதாரண லைட் சுவிட்ச் மாதிரியே ஒண்ணு இருக்கும், பேஸ்மென்ட்ல சாமான் எடுக்க போன யாரோ லைட்டுன்னு நினைச்சு ஆஃப் பண்ணியிருப்பாங்க. ப்ரேக்கர் பாருங்க. ஃபில்டரை உருவிப் பாருங்க, சாம்பல் கலர்ல கம்பளி போத்துன கணக்கா இருந்தா காத்து போகாம ஃபர்னஸ் சூடாகி தானா நின்னுடும், குளிர்காலத்துல மாசம் ஒரு தடவை பாத்து மாத்துங்க. ஃபர்னஸ் கதவு சரியா மூடலன்னாலும் ஓடாது, உள்ள ஒரு சேஃப்டி சுவிட்ச் இருக்கு.

இதெல்லாம் சரியா இருந்தா ஜாக்கெட் போட்டுட்டு வெளில போங்க. புது மாடல் ஹை எஃபிஷியன்சி ஃபர்னஸ்ல வீட்டு பக்கவாட்டுச் சுவத்துலேர்ந்து ரெண்டு வெள்ளை பிளாஸ்டிக் பைப் நீட்டிக்கிட்டு இருக்கும், ஒண்ணு காத்து இழுக்கும், இன்னொண்ணு புகை விடும். கடும் குளிர்ல வெளிய விடுற ஈரமே திரும்பி வந்து இழுக்குற பைப் வாயில உறைபனியா படிஞ்சு படிஞ்சு ஓட்டையை மூடிடும். ஃபர்னஸ் ரெண்டு நிமிஷம் ஓடி நிக்குது, திரும்ப ஓடி நிக்குதுன்னா பெரும்பாலும் இது தான். ஃபர்னஸை ஆஃப் பண்ணிட்டு கையால அந்த ஐஸை எடுங்க, சுத்தியலால அடிச்சா பைப் உடையும். பக்கத்துல கேஸ் மீட்டர் மேலயும் ஸ்னோ குவிஞ்சிருக்கும், அதை பிரஷ்ஷால மெதுவா தள்ளி விடுங்க, அதுலயும் தட்டுறது உடைக்கிறது கூடாது.

அப்படியும் வரலன்னா டெக்னீஷியனை கூப்பிடுங்க. வாடகை வீடுன்னா உடனே ஓனருக்கு எழுத்துல தெரியப்படுத்துங்க, சூடு குடுக்க வேண்டியது அவர் பொறுப்பு. அதுவரைக்கும் பார்பிக்யூ, கேம்ப் ஸ்டவ் எதையும் வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க, கேஸ் அடுப்பை பத்த வச்சு குளிர் காயாதீங்க.

தலைவலி, வாந்தி வர்ற மாதிரி இருக்கு, வெளில போனா சரியாகுது

இதை மட்டும் படிச்சுட்டு உக்காந்திருக்காதீங்க. கார்பன் மோனாக்சைடா இருக்கலாம், வாசனையும் இல்ல கலரும் இல்ல. அலாரம் அடிச்சாலும் அடிக்கலன்னாலும் எல்லாரும் வெளில வந்து 911. கராஜ்ல காரை ஸ்டார்ட் பண்ணி சூடாக விடுறது, கராஜ் கதவு தொறந்திருந்தாலும், வீட்டோட ஒட்டுன கராஜ்னா கூடவே கூடாது.

ஜன்னல்ல தண்ணி வழியுது, ஓரத்துல ஐஸ், ஆனா மூக்குல ரத்தம், தோல் வெடிப்பு

ஒரே வீட்ல ஒருத்தர் காத்து காஞ்சு போச்சுன்னு ஹ்யூமிடிஃபையர் வாங்கிட்டு வருவார், இன்னொருத்தர் ஜன்னல்ல தண்ணின்னு டவல் வச்சு துடைச்சுட்டு இருப்பாங்க, ரெண்டு பேர் சொல்றதும் நிஜம். வெளில குளிர் ஏற ஏற, ஜன்னல் கண்ணாடி தாங்குற ஈரம் குறையும். வெளில மைனஸ் 10ன்னா உள்ள ஈரப்பதம் சுமார் 30 சதவீதம் இருக்கலாம், மைனஸ் 20ன்னா 25, மைனஸ் 30ன்னா 15லேர்ந்து 20க்குள்ள வச்சுக்கணும். பதினஞ்சு டாலருக்கு ஒரு சின்ன ஈரப்பதம் காட்டுற மீட்டர் வாங்கி வைங்க, ஃபர்னஸ்ல ஹ்யூமிடிஃபையர் இருந்தா அதோட டயலை வெதருக்கு ஏத்த மாதிரி குறைங்க. அக்டோபர்ல வச்ச அளவு ஜனவரிக்கு ஆகாது.

நம்ம சமையல் இதுல ஒரு பெரிய பங்கு. சாதம் வடிக்கிறது, குக்கர் விசில், ரசம் கொதிக்கிறது, இட்லி அவிக்கிறது, அத்தனை ஆவியும் போய் கண்ணாடில தான் ஒட்டும், அடுப்பு மேல இருக்க ஃபேனை போடுங்க, அது வெளில தள்ளுற ஃபேனா, உள்ளயே சுத்தி விடுற ஃபேனான்னு ஒரு தடவை பாத்துக்குங்க. குளிச்சு முடிச்சு இருபது நிமிஷம் பாத்ரூம் ஃபேன் ஓடட்டும். துணியை ஹால்ல காயப் போடாதீங்க. பகல்ல ஜன்னல் திரையை தொறந்து விட்டா சூடான காத்து கண்ணாடில பட்டு காயும், திரையை இழுத்து மூடியே வச்சிருக்க ஜன்னல்ல தான் ஐஸ் தடியா கட்டும், அது உருகி கீழ கட்டைல எறங்கி கருப்பா பூசணம் பிடிக்கும். மூக்குக்கும் தோலுக்கும் வீடு பூரா ஈரமாக்குறதை விட, படுக்குற ரூம்ல மட்டும் சின்ன ஹ்யூமிடிஃபையர், குளிச்ச ஈரம் காயுறதுக்குள்ள தேங்காய் எண்ணெயோ க்ரீமோ தடவுறது போதும்.

குழாயைத் தொறந்தா தண்ணி வரல

முதல் கேள்வி, ஒரு குழாய்ல மட்டுமா, எல்லாத்துலயுமா?

ஒண்ணுல மட்டும்னா, பெரும்பாலும் வெளிச் சுவரை ஒட்டுன கிச்சன் சிங்க்கா இருக்கும், வீட்டுக்குள்ள பைப் உறைஞ்சிருக்கு. மெயின் வால்வ் எங்க இருக்குன்னு முதல்ல தேடி வச்சுக்குங்க, ஏன்னா உறையும்போது பைப் விரிசல் விட்டிருந்தா அது இளகுனதுக்கு அப்புறம் தான் பீச்சி அடிக்கும். சிங்க்குக்கு கீழ அலமாரி கதவை தொறந்து வைங்க, குழாயையும் தொறந்தே வைங்க, ஹேர் ட்ரையரை குழாய் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு உறைஞ்ச எடத்தை நோக்கி மெதுவா கொண்டு போங்க. ப்ளோ டார்ச், நெருப்பு எதுவும் வேண்டாம், சுவத்துக்குள்ள மரம் இருக்கு.

எல்லாக் குழாய்லயும் வரலன்னா, பக்கத்து வீட்ல கேளுங்க, அவங்களுக்கு வருதுன்னா தெருவுலேர்ந்து உங்க வீட்டுக்கு வர்ற பைப் மண்ணுக்குள்ள உறைஞ்சிருக்கலாம், வின்னிபெக்ல சிட்டியோட 311 நம்பருக்கு சொல்லணும். 2013-14 குளிர்ல இது ஊரையே ஆட்டி வச்சது, உறைபனி மண்ணுக்குள்ள ரெண்டு மீட்டருக்கும் கீழ எறங்கி ஆயிரத்துக்கும் மேல வீடுகள்ல தண்ணி நின்னு போச்சு, பக்கத்து வீட்லேர்ந்து ஹோஸ் போட்டு தண்ணி எடுத்தாங்க. மேல வெயில் வந்தாலும் உறைபனி கீழ எறங்கிட்டே இருக்கும், அதனால இந்தத் தொல்லை ஜனவரியை விட மார்ச்சுல தான் அதிகம். சிட்டிலேர்ந்து உங்களுக்கு நோட்டீஸ் வந்தா ஒரு குழாயை பென்சில் தடிமனுக்கு விடாம ஓட விடச் சொல்லுவாங்க, ராத்திரி தண்ணி வீணாகுதேன்னு யாரும் மூடிடாம குழாய் மேல ஒரு சீட்டு ஒட்டி வைங்க.

டிசம்பர்ல சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஒரு மாசம் போறவங்க இதை கண்டிப்பா படிங்க: ஃபர்னஸை ஆஃப் பண்ணிட்டு போகாதீங்க, 15 டிகிரிலயாவது விட்டுட்டு, மெயின் வால்வை மூடி, குழாயெல்லாம் தொறந்து பைப்பை காலி பண்ணிட்டு போங்க. வீட்டு இன்சூரன்ஸ்ல பெரும்பாலும் குளிர்காலத்துல சில நாளுக்கு மேல வீடு காலியா இருந்தா யாராவது வந்து அடிக்கடி பாக்கணும்னு ஒரு கண்டிஷன் இருக்கும், பாலிசியை எடுத்துப் பாருங்க, சாவியை நம்பிக்கையான ஆள் கிட்ட குடுத்துட்டு போங்க. பைப் வெடிச்சு பேஸ்மென்ட் முங்குனதுக்கு அப்புறம் அந்த கண்டிஷனை படிக்கிறது வயித்தெரிச்சல்.

காது, மூக்கு, விரல் மரத்துப் போச்சு

விண்ட் சில் மைனஸ் 28லேர்ந்து 39 வரைக்கும்னா வெளில தெரியுற தோல் 10லேர்ந்து 30 நிமிஷத்துல உறையும், மைனஸ் 40லேர்ந்து 47ன்னா 5லேர்ந்து 10 நிமிஷம், 48க்கு மேல போனா 2லேர்ந்து 5 நிமிஷம் தான். பஸ் ஸ்டாப்ல நிக்கிற நேரத்தை வச்சு கணக்கு போட்டுக்குங்க.

வலிச்சுட்டு இருந்தது திடீர்னு வலிக்காம போறது தான் கெட்ட அறிகுறி. இங்க போஸ்டர்ல எல்லாம் செவந்து வெளுத்த தோலைத்தான் காட்டுவாங்க, நம்ம தோல்ல அது சாம்பல் பூத்து, கொஞ்சம் மஞ்சளா, தொட்டா மெழுகு பூசுன மாதிரி இருக்கும், கண்ணாடில பாத்தா சட்டுனு தெரியாது, அதனால கூட இருக்கவங்களை பாக்கச் சொல்லுங்க.

வீட்டுக்குள்ள வாங்க, ஈரத் துணியை மாத்துங்க. நம்ம வீட்ல யாராவது உடனே தைலத்தை எடுத்துட்டு வந்து பரபரன்னு தேய்க்க வருவாங்க, தடுங்க. தேய்க்கக் கூடாது, ஹீட்டர் மேல வைக்கக் கூடாது, கொதிக்கிற தண்ணில முக்கக் கூடாது, மரத்த தோலுக்கு சுடுறதே தெரியாம வெந்து போயிடும். உடம்புச் சூடு அளவுக்கு, 37லேர்ந்து 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணில அரை மணி நேரம் போல வைங்க, காதுன்னா சூடான உள்ளங்கையை வச்சு மூடுங்க. உணர்வு திரும்பும்போது எரியும், குத்தும், அது நல்லது தான். கொப்புளம் வந்தாலோ, உணர்வு திரும்பவே இல்லன்னாலோ, கருக்குதுன்னாலோ ஆஸ்பத்திரி. சந்தேகம் மட்டும் தான்னா 811ல நர்ஸ் கிட்ட கேக்கலாம், பல மாகாணத்துல அந்த நம்பர் வேலை செய்யும், வின்னிபெக்ல ஹெல்த் லிங்க்ஸ்ங்குற நர்ஸ் லைன்.

நடுங்கிட்டு இருந்தவர் நடுக்கம் நின்னு, பேச்சு குழறி, தடுமாறுனா அது உடம்புச் சூடே எறங்குது, 911 கூப்பிடுங்க, பிராந்தி குடுக்காதீங்க.

துணி விஷயத்துல ஒண்ணே ஒண்ணு, காட்டனை உடம்போட ஒட்டிப் போடாதீங்க, வேர்வையை பிடிச்சு வச்சுக்கிட்டு குளிரடிக்கும். ரெண்டு சாக்ஸ் போட்டு ஷூல கால் இறுகுனா ரத்த ஓட்டம் குறைஞ்சு இன்னும் குளிரும். க்ளவ்ஸை விட விரல் ஒண்ணா இருக்க மிட்டன் சூடு.

உப்பு போட்டும் வாசல் ஐஸ் உருகல

சாதாரண கல் உப்பு மைனஸ் 10, 12க்கு கீழ வேலை செய்யாது, இன்னும் ரெண்டு மூட்டை கொட்டுனாலும் அப்படியே கிடக்கும். கால்சியம் குளோரைடு இன்னும் கீழ வரைக்கும் தாங்கும், இல்லன்னா உருக்குற ஆசையை விட்டுட்டு மணலை தூவுங்க, வழுக்காம இருந்தா போதும்ல. நடக்கும்போது பாக்கெட்ல இருந்து கையை வெளில எடுத்து, கால் பரப்பி, சின்ன சின்ன அடியா பெங்குவின் நடை நடங்க. ஷவல் பண்றப்ப தூக்கி வீசாம தள்ளுங்க, நாப்பத்தஞ்சு தாண்டுனவங்க, பிரஷர் சுகர் இருக்கவங்க கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தி நிறுத்தி பண்ணுங்க, நெஞ்சு இறுகுனா ஷவலை அங்கயே போட்டுட்டு உள்ள வாங்க, அடுத்தது 911.

ராத்திரி வீட்ல 'டமார்'னு சத்தம்

கட்டை சுருங்குற சத்தம், கடும் குளிர்ல கூரைச் சட்டம் இப்படி வெடிக்கிற மாதிரி சத்தம் போடும். ஒண்ணும் பண்ண வேண்டாம். மண்ணுக்குள்ள ஈரம் உறைஞ்சு வெடிக்கிறதும் உண்டு, 2014 ஜனவரி தொடக்கத்துல டொராண்டோ பக்கம் அந்த சத்தத்தைக் கேட்டு நெறைய பேர் பயந்து போனாங்க.

குளிர் விட்டதும் சீலிங்ல தண்ணி சொட்டுது

மூணு வாரம் மைனஸ் 30ல இருந்துட்டு திடீர்னு ப்ளஸ் 2க்கு வந்த அன்னிக்கு பாத்ரூம் ஃபேன்லேர்ந்தோ சீலிங் லைட்லேர்ந்தோ சொட்டும், எல்லாரும் கூரை ஓட்டைன்னு கூரைக்காரரைக் கூப்பிடுவாங்க. முதல்ல சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவுல இருக்க ஆட்டிக்கை எட்டிப் பாருங்க. வீட்டுக்குள்ள இருந்த ஈரக் காத்து இடுக்கு வழியா மேல ஏறி, கூரைப் பலகையோட உள்பக்கம் ஆணி முனைல எல்லாம் வெள்ளையா படிஞ்சிருக்கும், அது தான் இப்ப உருகி மழையா எறங்குது. லைட் வழியா சொட்டுனா அந்த ப்ரேக்கரை ஆஃப் பண்ணுங்க. சீலிங் பெயின்ட் பை மாதிரி தொங்குனா நடுவுல ஒரு சின்ன ஓட்டை போட்டு கீழ பக்கெட் வைங்க, இல்லன்னா பலகையோட சேந்து கீழ வரும். மேல நெறைய ஐஸ் இருந்தா பெருக்கி வாளில அள்ளிடலாம், சட்டத்து மேல மட்டும் கால் வைங்க. அப்புறம் ஆட்டிக் மூடியை சுத்தி ரப்பர் ஒட்டுங்க, பாத்ரூம் ஃபேன் பைப் நிஜமாவே வெளில போய் முடியுதா இல்ல ஆட்டிக்லயே கழண்டு கிடக்கான்னு பாருங்க, மேல சொன்ன அந்த ஈரப்பதம் டயலையும் அடுத்த நவம்பர்ல குறைச்சு வைங்க. இதெல்லாம் சரியா இருந்தும் சாதா மழைக்கும் சொட்டுதுன்னா அப்ப கூரைக்காரரைக் கூப்பிடுங்க.